பழைய கதவைச் சுரண்டுவதற்கு முன்

(பங்காளர் குடும்பங்களின் கூடுகையில் எங்கள் மருத்துவமனைச் சார்பில் நிகழ்த்திய சுகாதார உரை)



கார்த்திகை மழை கொஞ்சம் விட்டு வெயில் தலைகாட்டியதும் நம் வீடுகளில் ஒரு வேலை ஆரம்பமாகிவிடும். கிறிஸ்மஸ் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று சொல்லிச் சுவருக்கு வெள்ளையடிப்போம். கதவுக்கும் ஜன்னலுக்கும் பெயின்ட் அடிப்போம். தகப்பனார் கட்டிய வீடு, சிலருக்குப் பாட்டனார் கட்டிய வீடு. கதவில் நாற்பது ஐம்பது வருஷத்துப் பெயின்ட் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, இப்போது பொருக்குப் பொருக்காக உரிந்து நிற்கும். பெயின்டர் வந்து தகட்டால் சுரண்டுவார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். வீடெல்லாம் தூசி பறக்கும். மாலையில் அம்மா விளக்குமாற்றை எடுத்துப் பெருக்குவார்கள். தூசி மறுபடி எழும்பிப் படியும்.

அதே வாரத்தில்தான் வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் பேரன் பேத்திகளோடு வந்து இறங்குகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் அந்த வீட்டில்தான் படுத்திருக்கிறாள். தவழுகிற குழந்தை அந்தத் தரையில்தான் தவழுகிறது. பழைய பெயின்டில் இருக்கிற ஈயத்தைப் பற்றிப் பேசலாமா என்று சபையார் கேட்டபோது நாங்கள் உடனே ஒத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். கதவில் சும்மா நிற்கிற பெயின்ட்டால் அநேகமாக யாருக்கும் தீங்கில்லை. சுரண்டித் தூசியாக்கும்போதுதான் அது விஷமாகிறது. அதை எப்படிச் சுரண்டுவது, எதைச் சுரண்டாமலே விட்டுவிடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஈயம் என்றதும் நம் தாய்மார்களுக்கு ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரும் ஞாபகத்துக்கு வருவார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். நாம் பேசுவது காரீயம். பேட்டரிக்குள் இருக்கிறதே, மீன்வலைக்குக் குண்டாகக் கட்டுகிறார்களே, அந்தக் கனத்த உலோகம். பென்சிலில் இருப்பது இரண்டுமல்ல. அது கரி வகை.

காரீயத்தைப் பெயின்டில் ஏன் போட்டார்கள்? அது நன்றாக உழைத்தது, அவ்வளவுதான். ஈயவெள்ளை என்ற வெள்ளைப் பொடி மரத்தை நன்றாக மூடியது, வெயிலையும் மழையையும் தாங்கியது. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் ஈயக் குரோமேட்டிலிருந்து வந்தன. நம் பழைய வீட்டு ஜன்னல்களில் காண்கிற இலைப்பச்சை பெரும்பாலும் அந்த மஞ்சளோடு நீலம் கலந்து செய்தது. இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக அடித்த செந்நிற ‘ரெட் லெட்’ முழுக்க ஈயம்தான். (இப்போது கடையில் கிடைக்கும் ‘ரெட் ஆக்ஸைடு’ என்பது இரும்புத் துருவின் நிறம், இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.) எண்ணெய்ப் பெயின்ட் சீக்கிரம் உலரவும் ஈயம் சேர்த்தார்கள்.

இது பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாகாணத்தின் தலைநகரான பிரிஸ்பேனில் பிள்ளைகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே வயிற்றுவலி, கைகால் வாதம், கண் நரம்புக் கோளாறு என்று பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஜெஃபெரிஸ் டர்னர் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1892ல் இது ஈய விஷம் என்று எழுதினார்கள். ஆனால் ஈயம் எங்கிருந்து வருகிறது? அது புரியவே பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904ல் அதை எழுதினார். அந்த ஊர் வீடுகள் மரவீடுகள், சுற்றிலும் வராந்தா, வராந்தாவுக்குக் கிராதி. கடும் வெயிலில் கிராதியின் பெயின்ட் மாவாக உதிர்ந்தது. பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடினார்கள். பிறகு விரல் சூப்பினார்கள், நகம் கடித்தார்கள். வேறொன்றும் தேவைப்படவில்லை.

பல மருத்துவர்களே அவரை நம்பவில்லை. கடைசியில் 1922ல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்ட் கூடாது என்று குயின்ஸ்லாந்தில் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன் விஷமேறிய பிள்ளைகளில் பலர் வளர்ந்து, குடும்பமும் குழந்தையுமாக இருக்கும் வயதில், சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள் என்று பிற்காலத்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுக்குத் தடை 1978ல். நம் தேசத்தில் 2016 நவம்பர் 1ம் தேதி விதி அறிவிக்கப்பட்டு, ஒரு வருஷம் கழித்து நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது அந்த விதி. பிரிஸ்பேன் மருத்துவர் எழுதி நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு வந்த விதி! ஆகவே நம்மில் யாருடைய வீட்டிலும் 2017 நவம்பருக்கு முன் அடித்த எனாமல் பெயின்டில் ஈயம் உண்டு என்று வைத்துக்கொண்டே வேலை செய்யவேண்டும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

வீடு முழுவதுமா என்று பயப்படவேண்டாம். மேல்நாட்டார் புத்தகங்களில் சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் சொல்வார்கள். நம்முடைய பழைய வீடுகள் அப்படியல்ல. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பிறகு டிஸ்டெம்பர், அதன் பிறகு தண்ணீரில் கரைக்கிற பெயின்ட் வந்தது. இவற்றில் ஈயம் பெரிய பிரச்சினை அல்ல. டில்லியில் டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2007ல் கடைப் பெயின்டுகளைச் சோதித்து வெளியிட்டபோதும், தண்ணீர்ப் பெயின்டில் ஈயம் சொற்பமாகவும் எனாமலில் மிக அதிகமாகவும் இருந்தது. நாம் பார்க்கவேண்டியவை எனாமல் ஏறிய இடங்கள்: தலைவாசல் கதவு, நிலை, ஜன்னல் பலகை, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, மரத்தூண், வெளிக் கேட். சுவரின் அடிப்பாகத்தில் மூன்றடி உயரத்துக்கு எனாமல் அடித்திருந்தால் அதுவும் சேரும்.

இன்னொன்றை விசேஷமாகச் சொல்லவேண்டும். பரணில் இருக்கிற மரத்தொட்டில். அப்பா படுத்தது, மகன் படுத்தது, இப்போது பேரன் வருகிறான் என்று இறக்கிக் கழுவித் துடைத்துப் போடுகிறோம். பல் முளைக்கிற குழந்தை தொட்டில் விளிம்பைத்தான் கடிக்கும். நடைவண்டியும் அப்படியே. பழைய பெயின்ட் அடித்த தொட்டிலை ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அதில் போடாதிருங்கள். பாட்டிமாருக்கு இது வருத்தமாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஈயம் சரீரத்துக்குள் போகிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெரியவர்கள் விழுங்கிய ஈயத்தைவிடக் குழந்தை விழுங்கிய ஈயம் 4, 5 மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஏறும். வெறும் வயிற்றில் இன்னும் கூடுதலாக ஏறும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். நம் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரத்தத்தில் ஏறியது சுமார் ஒரு மாதத்தில் பாதி குறையும். ஆனால் ஒரு பங்கு எலும்பில் போய்த் தங்கி, பல வருஷங்கள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது விழுங்கிய ஈயமும் கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. வாந்தி, கடும் வயிற்றுவலி, வலிப்பு என்று வந்தால் கவனிப்பார்கள். பெரும்பாலும் அப்படி வராது. பிள்ளை சற்று வெளிறியிருக்கும், மலச்சிக்கல் இருக்கும், எரிச்சல்படும், பள்ளியில் பின்தங்கும். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்துவிடுவோம். மந்தம் என்று பெயர் வைத்துவிடுவோம்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இரத்தத்தில் 100 மில்லிக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால், ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுக்கவேண்டும். அது உயிரைக் காக்கும். அதற்குக் கீழே இருந்தால்? அமெரிக்காவில் 20க்கும் 44க்கும் இடையில் இருந்த எழுநூறுக்கும் அதிகமான சிறு பிள்ளைகளில் ஒரு சாராருக்கு அந்த மருந்தையும் மறு சாராருக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2001ல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் ஈயம் குறைந்தது; அறிவுத்திறன் சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிட மேலாக வரவில்லை. போனது போனதுதான். ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்வது சுலபமல்ல. ஆனால் இந்த வியாதியில் எங்கள் மருந்து அலமாரியைவிட உங்கள் வீட்டு வாளித் தண்ணீருக்குப் பலன் அதிகம்.

சரி, வேலைக்கு வருவோம்.

பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அழுக்குப் போகத் துடைத்து, காயவிட்டு, மேலேயே புதுப் பெயின்ட் அடிக்கலாம். பழைய பூச்சு புதிய பூச்சுக்கு அடியில் அடைபட்டுவிடும். பெயின்டர்களில் சிலர், ‘மரம் தெரிகிறவரை எடுத்தால்தான் ஃபினிஷிங் வரும்’ என்பார்கள். பழைய எனாமலை அப்படி எடுக்கச் சொல்லாதிருங்கள். பழைய கதவுகளை வாங்கிவந்து பெயின்ட்டையெல்லாம் சுரண்டித் தேக்கின் நிறம் தெரிய வார்னிஷ் அடிக்கிற ஆசை இப்போது காரைக்குடிப் பக்கத்திலிருந்து பட்டணம்வரை பரவியிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அந்தச் சுரண்டல் யாருடைய வீட்டு முற்றத்தில் நடக்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

உரிந்த இடத்தை மட்டும் எடுக்கவேண்டுமானால் நனைத்து எடுங்கள். ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்து, சுரண்டுவதற்கு முன்னும் சுரண்டும்போதும் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். உலர்ந்த உப்புத்தாளுக்குப் பதிலாகத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பரை உபயோகிக்கவேண்டும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும், விலையும் பெரிதல்ல. மின்சாரத்தில் ஓடுகிற தேய்ப்பு மிஷினைப் பழைய எனாமல்மேல் வைக்கவே கூடாது. கதவைக் கழற்ற முடியுமானால் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். கிணற்றடியும் கீரைப் பாத்தியும் வேண்டாம். அடியில் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சுற்று ஓரங்களை மடித்துவிடுங்கள். உள்ளே செய்யவேண்டியிருந்தால் அந்த அறையிலிருந்து பாய், தலையணை, அரிசி டப்பா, பிள்ளைகளின் சாமான் எல்லாவற்றையும் வெளியேற்றி, வாசலில் ஈரப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நெருப்பு வைத்து உரிப்பது இன்னும் மோசம். டார்ச் சூட்டில் ஈயம் புகையாகவே எழும்பி நேராக நுரையீரலுக்குப் போகும். 1990ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணை வீடு ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள், படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். தேய்ப்பு மிஷின், டார்ச், சூட்டுத் துப்பாக்கி எல்லாம் உபயோகித்தார்கள். வீட்டு நாய்க்கும் விஷமேறியது, குடும்பத்தாருக்கும் ஏறியது. குடிசையில்தான் இப்படி வரும் என்று நினைக்கவேண்டாம் என்பதற்காக இதைச் சொன்னோம்.

அன்றன்று வேலை முடிந்ததும் விளக்குமாற்றைத் தொடக்கூடாது. விரிப்பின்மேல் மறுபடி தண்ணீர் தெளித்து, உள்பக்கமாகவே சுருட்டி, கனமான பையில் கட்டுங்கள். தரையையும் ஜன்னல் விளிம்பையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் இன்னொரு தரம். அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்ணிய தூசியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும், அது வேண்டாம். எல்லாம் முடிந்து, துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி துடைத்த பிறகே கர்ப்பிணியும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அந்த வீட்டுக்குள் வரவேண்டும். முடிந்தால் அந்த நாட்களில் அவர்கள் சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ இருக்கட்டும்.

இப்போது நம் வீடுகளில் மாத்திரம் நடக்கிற ஒரு காரியம். மாற்றிய பழைய ஜன்னல் பலகையை என்ன செய்கிறோம்? நல்ல காய்ந்த தேக்கு. வெந்நீர் அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு உண்டா? ஆனால் அந்தப் புகையில் ஈயம் இருக்கிறது. சாம்பலில் அதைவிட அதிகம். அந்தச் சாம்பலைத்தான் பாத்திரம் துலக்க எடுக்கிறோம், வாழைக்குத் தூவுகிறோம். பெயின்ட் அடித்த மரத்தை எரிக்கவே வேண்டாம். சுரண்டிய பொருக்கையும் ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். கோழி அதைக் கிளறிப் பொறுக்கும், ஈயம் முட்டையில் வரும். பையில் இறுகக் கட்டி, மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாக, வர்ண டப்பா முதலிய அபாயக் குப்பையாக உள்ளாட்சிப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

பெயின்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நம் வீட்டில் இந்தத் தூசி வருஷத்துக்கு ஒரு வாரம். அவருக்கோ வருஷம் முழுவதும். 1921லேயே ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை கூடாது என்று உடன்படிக்கை செய்தது பெயின்டர்களுக்காகத்தான். வாயில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று அவர் நினைக்கிறார்; ஈயத் தூசி அதற்குள் தாராளமாகப் போகும். கொரோனா காலத்தில் நாம் பழகிய என்-95 முகமூடி எவ்வளவோ மேல். தூசியே எழும்பாமல் நனைத்துக்கொள்வது அதைவிட மேல். டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவ அவருக்குத் தண்ணீர் வையுங்கள். வேலை இடத்தில் பீடி பிடிக்கவோ சாப்பிடவோ வேண்டாம் என்று தயவாகச் சொல்லுங்கள். மாலையில் குளித்து, உடை மாற்றி வீடு திரும்ப உங்கள் வீட்டிலேயே இடம் கொடுங்கள். ஏனெனில் அந்தச் சட்டையோடு போய்த்தான் அவர் தம் குழந்தையைத் தூக்குகிறார். நனைத்துச் செய்தால் வேலை இரண்டு நாள் கூடும். அந்த இரண்டு நாள் கூலியை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு வேலைக்கு வைக்கவேண்டும். கூலியைக் குறைத்துவிட்டு மெதுவாகச் செய் என்று சொல்வதில் நியாயமில்லை.

புதுப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயம் 90 பங்குக்கு மேல் இல்லை என்ற வாசகத்தையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். அந்த வாசகம் இல்லாத மலிவு டப்பா வேண்டாம். விதி வீட்டுப் பெயின்டுக்குத்தான். தொழிற்சாலைப் பெயின்டுக்கு அல்ல. பட்டறையில் மீந்த மஞ்சள் பெயின்ட்டைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பிக்கோ பிள்ளையின் நாற்காலிக்கோ அடிக்காதீர்கள்.

போன வருஷமே எல்லாம் உலர்ந்த உப்புத்தாளில் தேய்த்தாயிற்று, குழந்தையும் வீட்டில்தான் இருந்தது, இனி என்ன செய்வது என்று சில தாய்மார் கேட்கக்கூடும். இன்றைக்கே வீட்டை இருமுறை ஈரத்துணியால் துடைத்து, குழந்தையின் பொம்மைகளைக் கழுவிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கப் போகுமுன்னும் கை கழுவுங்கள். வேளைக்கு ஆகாரம், அதில் பால், கேழ்வரகு, கீரை இருக்கட்டும். பிறகு இரத்தப் பரிசோதனை. விரல் நுனியில் எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கூட்டிவிடலாம். நாளத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எல்லா ஆய்வகத்திலும் செய்யமாட்டார்கள். ஆனால் மாதிரியை எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப உங்கள் மருத்துவர் ஏற்பாடு செய்வார். இத்தனைக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனாலும் 100 மில்லிக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தவேண்டும் என்று 2021ல் அது சொன்னது. அப்படி வந்தால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும், கர்ப்பிணி இருந்தால் அவளையும் பரிசோதியுங்கள். பெயின்ட் வேலை செய்தவர் யாரென்று ஞாபகமிருந்தால், அவர் வீட்டுக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். அவருடைய பிள்ளைகளையும் பார்க்கவேண்டும்.